கல்லூரி முகாமாக இருந்த நாட்கள்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறையும் அன்றுதான். சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் பொங்கிய கடல், காலை 9 மணியளவில் திருகோணமலைக் கரையை அடைந்தது. திருக்கடலூர், உப்புவெளி, சல்லி எனக் கரையோரம் எங்குமிருந்து ஈர உடையோடு ஓடிவந்த மக்கள் நகரத்துப் பாடசாலை வாசல்களில் திரண்டார்கள். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். மூன்றாம் தவணை முடிந்து நம் கல்லூரி பூட்டிக் கிடந்தது. அதிபரும் ஊரில் இல்லை. எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் வாயிற்கதவைத் திறந்துவிட்டவர், நாம் எல்லோரும் 'அண்ணை' என்று அழைத்த காவலாளி. மண்டபத்தையும் வகுப்பறைகளையும் திறந்த அவர், விஞ்ஞான ஆய்வுகூடத்தை மட்டும் திறக்கவில்லை. அமிலப் போத்தல்கள் இருக்கும் இடத்திற்குச் சிறுவர்கள் போய்விடக் கூடாது என்ற நிதானம் அந்த வேளையிலும் அவரிடம் இருந்தது.

அன்றைய மதிய உணவு எந்த நிறுவனத்திடமிருந்தும் வரவில்லை. அயல்வீடுகளிலிருந்து சோற்றுப் பார்சல்களும், நகரத்து முஸ்லிம் அன்பர் ஒருவரின் பேக்கரியிலிருந்து பாணும் வந்தன.

உணவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள்; நான் எழுத விரும்புவது தண்ணீரையும் மலசலகூடத்தையும் பற்றியே. இத்தனை பேர் ஒரே வளவில் தங்கினால் வயிற்றோட்டம் பரவும் என்று, மறுநாளே வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்தார். அவர் சொற்படி, சாரணர்களாகிய நாங்கள் பின்வளவில் குழிகள் வெட்டினோம். தண்ணீர்த் தாங்கியில் குளோரின் இட்டோம். வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்கு ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்தோம். "இதென்ன தம்பி, மருந்து மணக்குது" என்று ஓர் ஆச்சி குளோரின் இட்ட தண்ணீரை மறுத்தபோது, அண்ணை ஒரு குவளை வாங்கி அவர் முன்னாலேயே குடித்துக் காட்டினார். அதன்பின் வரிசை நகர்ந்தது. கடல்நீர் புகுந்த கிணறுகளை அவசரப்பட்டு இறைத்து வற்றச் செய்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும் என்பதைப் பரிசோதகர் மீனவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்.

எங்கள் சங்கீத ஆசிரியை செய்ததை அப்போது நாங்கள் கவனிக்கவே இல்லை. பெண்களைத் தனியறைக்கு அழைத்துப் பேசி, பொதுவில் கேட்கக் கூசிய பொருள்களையும் மாற்றுடைகளையும் தமக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து அவர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சில நாட்களின் பின் கடல்கடந்து வந்த பொதிகளிலோ கம்பளி மேலங்கிகள் இருந்தன! அவற்றின் அருமை ரொறன்ரோவுக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது.

அஞ்சியபடி இலங்கையில் எங்கும் பெரிய அளவில் கொள்ளைநோய் பரவவில்லை. பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு அதில் பங்கு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர்களின் வாகனங்கள் வந்து சேருமுன் கடந்த நாட்களை, மண்வெட்டியும் வாளியுமாக நின்ற உள்ளூர் மனிதர்களே தாங்கினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

என்னோடு குழி வெட்டிய நண்பர்களில் ஒருவர் பின்னர் தாமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரானார். 2017இல் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியபோது, வீடு வீடாகச் சென்று தண்ணீர்த் தொட்டிகளையும் பழைய டயர்களையும் பார்த்தவர்களில் அவரும் இருந்தார். வீட்டார் கோபித்துக்கொள்வதில்லையா என்று தொலைபேசியில் கேட்டேன். "கோபிப்பினம், பிறகு தேத்தண்ணி தருவினம்" என்றார்.