முதல் தூண்டில்

பாஸ் என்னும் மீனைப் பிடிக்கும் அமெரிக்கக் காணொளிகளில் வரும் அதே பெய்ட்காஸ்டர் ரீல், அதாவது தூண்டில் கம்பில் பொருத்தி நூலைச் சுற்றிவைக்கும் கருவி. சேலத்துக் கடையில் இன்று ஒரு கல்லூரி மாணவர் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றிருந்தார்.

"தம்பி, முதலில் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள்" என்றேன்.

பெய்ட்காஸ்டரில் வீசும்போது நூல் சுற்றிய உருளையே சுழலும். வீசிய இரையின் வேகம் குறைந்த பின்னும் உருளை அதே வேகத்தில் சுழன்றால் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். உருளையைக் கட்டைவிரலால் அடக்கப் பழக வேண்டும். ஸ்பின்னிங்கில் வீசும்போது உருளை அசையாது. தங்கூசி மட்டும் சுருள் சுருளாக அவிழ்ந்து போகும்.

ஏழடிக் கம்பு, நடுத்தர வலு, 2500 அளவு ரீல். மேட்டூர்க் கரையில் பழக இது போதும். பாசிக்குள் பதுங்கும் விராலுக்கு வலுவான கம்பு வேண்டும், அது பிறகு.

புதிதாக வருகிறவரின் மாலைப்பொழுது சிக்கெடுப்பதில் கழியக் கூடாது. வீச வேண்டும், மீண்டும் மீண்டும் வீச வேண்டும். அந்த ஆசைதான் அவரை அடுத்த வாரமும் தண்ணீருக்கு அழைத்து வரும்.