தொட்டித் தண்ணீரும் செயலாளர் மாமாவும்

இன்று காலை மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, யார் வீட்டுத் துளசிச் செடியிலோ காய்ந்த இலை பொறுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரால் வந்த வினை.

மூன்றாம் தளத்துப் பிள்ளைகள் வரிசையாக வயிற்றுப்போக்கில் படுத்தபோது, "தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, வேண்டுமானால் உன் ஆய்வகத்திலேயே பார்த்துச் சொல்" என்று சவால் விட்டவரே அவர்தான். கிருமி நீக்கிய பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன். மனிதர் அதைக் குழாயடியில் நன்றாக அலசி, உள்ளே விரல் விட்டுத் தேய்த்து, மூடியை வேட்டி முனையால் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். வேறு பாட்டிலில் நானே போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தொட்டித் தண்ணீரைக் கலந்து ஊதா நிறத்தில் வைத்த மெக்கான்கி திரவம், அதாவது கிருமி வளர்த்துப் பார்க்கும் ஊட்டக் கரைசல், மறுநாள் பளிச்சென்று மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்திருந்த குட்டிக் குழாயில் வாயு ஏறி நின்றது. அதிலிருந்து கம்பி வளையத்தில் தொட்டு ஈஎம்பி அகர் தட்டில், அதாவது சாயம் கலந்த ஊட்டக் கூழ் உறைந்த தட்டில், இழுத்துவிட்டேன். அடுத்த நாள் திறந்தால் பொன்வண்டு முதுகின் பச்சை மினுமினுப்பு! கிருமியை உறுதிப்படுத்தும் இண்டோல் சோதனையிலும் சிவப்பு வளையம். மலத்தோடு வெளியேறும் குடல் கிருமியான ஈ.கோலையேதான்.

இந்தத் தட்டுகளின் படத்தைக் கைப்பேசியில் பார்த்த அம்மா, "கடல்பாசி இவ்வளவு நன்றாக உறைந்திருக்கிறதே, யார் செய்தது?" என்றார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அகரும் கடல்பாசியும் ஒன்றுதானே. ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசிதான் நம் மதுரை ஆலைகளில் அகராகிறது. 1881இல் ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ஒருவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே தம் சமையலறையில் புழங்கிய அகரைக் கிருமி வளர்க்க எடுத்துக் கொடுத்திராவிட்டால், வெயிலில் இளகி ஓடும் ஜெலட்டினோடு என் பாடு என்ன ஆகியிருக்கும்? அதுவும் மதுரைச் சித்திரையில்!

சரி, மாமாவிடம் வருகிறேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். மெக்கான்கியில் பித்த உப்பு இருக்கிறது, குடலில் குடியிருந்து பித்தத்தில் ஊறிப்போன கிருமிகள்தான் அதைத் தாங்கி வளரும், மற்றவை பெரும்பாலும் தலைதூக்காது, ஆகவே நம் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கிறது என்றேன். கண்ணை மூடிக் கேட்டவர், "குடலில் ஏற்கெனவே இருப்பதுதானே? கூடக் கொஞ்சம் போனால் என்ன?" என்றார்.

பிறகு அந்தத் தட்டைக் கேட்டார். கூட்டத்தில் சுற்றுக்கு விட வேண்டுமாம், சுண்டல் கிண்ணம் மாதிரி. அதை 121 டிகிரி நீராவியில் அவித்துத்தான் வெளியே போட முடியும் என்றதும் கோபம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் சொன்னது: "இத்தனை வருடமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். இந்தப் பெண் சோதனை என்று எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கிருமி வந்திருக்கிறது." நாலைந்து பேர் தலையை வேறு ஆட்டினார்கள்!

தொட்டிக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்த கழிவுக் குழாயை மாற்றி, தொட்டியையும் கழுவியாகிவிட்டது. செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தவர், எங்கள் வீட்டுக் கணக்கில் மட்டும் ஆய்வகக் கட்டணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.