ஆறு வரி பிரிசம்: சூளைக் கல் சுவரை நசுக்கிப் பார்த்த விதம்

வேலூர் பக்கம் ஏரி மண்ணில் அறுத்துச் சுட்ட நாட்டுச் செங்கல்லில், தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீட்டை வடிவமைக்க வேண்டியிருந்தது. தனிக் கல்லின் பலம் தெரிந்தால் மட்டும் அதற்குப் போதாது. கல்லும் கலவையும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டும். அதனால் கட்டுச் சுவருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 சொல்லும் பிரிசம் சோதனை: சில வரிக் கல்லைக் கலவையோடு அடுக்கிக் கட்டி, எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பது.

கல் 230 × 110 × 70 மி.மீ. ஐந்து வரி வைத்து, இடையில் 10 மி.மீ. கலவை போட்டால் உயரம் 390 தான். விதி குறைந்தது 400 கேட்கிறது. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆறு வரி கட்டினால் 470; உயரத்தைத் தடிமனால் வகுக்க 4.27. அது 2-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருக்கிறது.

சுவர் கட்டும் கொத்தனாரே பிரிசத்தையும் கட்டட்டும். மணலும் 1:6 சிமென்ட்-மணல் கலவையும் தளத்தில் உள்ளதே. சோதனைக்கு என்றதும் எல்லார் கையும் நேர்த்தியாகிவிடும், எனவே சுவரில் கலவைத் தடிமனை அளந்து அதையே வைக்கச் சொல்லுங்கள். மே மாத வெயிலில் நனைக்காத கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும்; சாந்து பொடியாய் உதிரும். ஊறவைத்து, மேல் ஈரம் காய்ந்ததும் கட்ட வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி 28 நாள். பலகைமேல் கட்டி, கம்பியால் இறுக்கித்தான் வண்டியில் ஏற்றினோம். இல்லாவிட்டால் வழியிலேயே ஒட்டு விட்டுப்போகும்.

மேலும் கீழும் 4 மி.மீ. பிளைவுட், ஒவ்வொரு பிரிசத்துக்கும் புதிது. பாரம் ஏற்றும் வேகம்தான் முக்கியம். தனிக் கல்லுக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன்/ச.மி.மீ.; பிரிசத்துக்கு 0.35 முதல் 0.70 வரை மட்டுமே. இந்தக் கல்லின் பரப்புக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 9 முதல் 17.7 கிலோ நியூட்டன். பழக்கத்தில் கல்லின் வேகத்திலேயே ஏற்றினால் பத்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும், எண்ணும் ஏமாற்றும். கான்கிரீட் கியூபுக்கான பெரிய எந்திரத்தில் இவ்வளவு சிறிய பாரத்தைத் துல்லியமாகப் படிப்பதும் சிரமம். சிறிய அளவுகோல் உள்ளதாகக் கேளுங்கள்.

செங்குத்தாக விரிசல் ஓடிப் பிளந்தால் சரியான உடைவு. ஒரு மூலை மட்டும் நொறுங்கினால் மேல்தளம் ரசமட்டத்தில் இல்லை என்று பொருள்; அந்த முடிவைத் தள்ளிவிடலாம்.

60 கிலோ நியூட்டனில் உடைந்தது என்று வையுங்கள். 25,300 ச.மி.மீ. பரப்பால் வகுக்க 2.37. உயரம்-தடிமன் விகிதத்துக்கான திருத்தம் 0.96-ஆல் பெருக்க 2.28. வடிவமைப்புக்கு அதில் கால் பங்கு, 0.57 நியூட்டன்/ச.மி.மீ. சுவர் ஒல்லியாக உயர்ந்தால் அதுவும் இன்னும் குறையும்.