படம் தேர்வான பிறகுதான் வேலை

திரைப்பட விழாவுக்குத் தேர்வானதாக மின்னஞ்சல் வந்ததும் ஆவணப்படக்காரர்கள் கொஞ்சம் அசந்துவிடுகிறோம். தேர்வுக்குழு பார்த்தது விமியோ இணைப்பில், மடிக்கணினியில், காதில் ஹெட்போனோடு. அரங்கில் ஓடப்போவது டிசிபி என்ற வேறு பொருள், தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் தொழிலையும் பாலாற்றையும் படமாக்குகிறவர்களுக்கு இந்த இடைவெளியில் சிக்கும் இடங்கள் சில தனியாகவே உண்டு. பெரும்பாலானவற்றை ரயில் ஏறும் முன் வேலூரிலேயே சரிசெய்துவிடலாம்.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விழாக்களுக்குப் படம் அனுப்பும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்திலோ விழாவின் சொந்தத் தளத்திலோ படிவம் இருக்கும். குறும்படமா நெடும்படமா என்பதைச் சில விழாக்கள் 40 நிமிடத்தில் பிரிக்கின்றன, சில 60-ல். அனுப்பிய இணைப்பின் கடவுச்சொல்லை முடிவு வரும்வரை மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

தணிக்கை விலக்குதான் கவனிக்க வேண்டியது. சான்றிதழ் இல்லாத படத்தைத் திரையிட, விழா நடத்துபவர்கள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்குவார்கள். அந்த விண்ணப்பத்தோடு போவது நாம் எழுதிக் கொடுத்த கதைச்சுருக்கம். 2017-ல் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று ஆவணப்படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டு, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. கதைச்சுருக்கத்தில் கோஷம் வேண்டாம். யார், எங்கே, என்ன வேலை என்று எழுதினால் போதும். தலைப்பின் எழுத்துக்கூட்டலும் ஓடும் நேரமும் எல்லாப் படிவத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

அந்த ஓடும் நேரத்தில்தான் முதல் கோளாறு வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தொழிற்சாலை டியூப்லைட் மினுக்காமல் இருக்க நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருப்போம். டிசிபியின் வழக்கமான வேகம் 24. மாற்றும்போது படம் 4 சதவீதம் மெதுவாகி, 52 நிமிடப் படம் 54 நிமிடம் 10 நொடி ஆகிவிடும். குரலும் சற்றே கனக்கும். எஸ்எம்பிடிஇ வகை டிசிபியில் 25 ஃபிரேம் அனுமதி உண்டு. விழா அரங்கில் ஓடுமா என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படத்தை 24 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுத்தால் மினுக்கலும் வராது, இந்தத் தொல்லையும் இல்லை. செல்போன் காட்சிகளின் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் போகப்போக உதட்டசைவும் ஒலியும் விலகும்.

டிசிபி செய்ய டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் போதும். பிளாட் எனப்படும் திரை வடிவத்தின் அளவு 1998×1080 பிக்சல். நம் 1920×1080 படத்துக்கு இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு விழும், அதை அப்படியே விடலாம். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். 100 எம்பிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு 750 எம்பி, 54 நிமிடத்துக்குச் சுமார் 40 ஜிபி. 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் அனுப்ப நாலரை மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் சேவையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டுப்போட்ட, அதாவது தனிச் சாவிக்கோப்பு இருந்தால்தான் ஓடும் டிசிபி வேண்டவே வேண்டாம். சாவிக்கோப்பு நேரத்துக்கு வராமல் காட்சி ரத்தாவதைவிடக் கொடுமை வேறில்லை.

சப்டைட்டிலுக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஆம்பூரில் ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். ஆந்திர எல்லையோரம் தெலுங்கு கலக்கும். முதலில் அந்தந்த மொழிக்காரரை உட்காரவைத்து முழுப் பேச்சையும் நேரக்குறிப்போடு எழுதி வாங்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்து, குறைந்தது ஒரு நொடி. வேகமாகப் பேசுபவர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கை விடத்தான் வேண்டியிருக்கும். இன்னொன்று, நண்பகல் வெயிலில் வறண்ட பாலாற்று மணல் திரையில் வெள்ளையாக எரியும். அதன்மேல் வெள்ளை எழுத்து மடிக்கணினியில் தெரிந்தாலும் அரங்கில் காணாமல் போகும். கறுப்பு விளிம்பு கட்டாயம், வெளிர் மஞ்சள் இன்னும் நல்லது.

ஒலிக்கும் இதே கதிதான். தோல் ஊறும் மர டிரம் சுழலும் உறுமல் ஹெட்போனில் சாதுவாக இருக்கும். அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களில் பேச்சை முழுங்கிவிடும். பேச்சுத் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஸ்டீரியோவை அப்படியே ஏற்றினால் ஓரத்து இருக்கைக்காரருக்குக் குரல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். 5.1 என்ற ஆறு தட ஒலியாக்கி, பேச்சை நடு ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும். டீக்கடை ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டு பேட்டிக்குள் புகுந்திருந்தால் சுத்தமாகப் பிரிப்பது கடினம். எல்லா உரிமையும் கையில் இருக்கிறது என்று விழா கையெழுத்தும் கேட்கும். படப்பிடிப்பிலேயே அணைக்கச் சொல்லிவிடுவது உத்தமம்.

இதெல்லாம் தெரியவருவது பெரிய திரையில்தான். வேலூரிலோ காட்பாடியிலோ ஒரு தியேட்டர் மேனேஜரிடம் பேசி, காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் கேளுங்கள். டிசிபி ஓட்டத் தேவையான டிசிஐ தரப் புரொஜெக்டரா என்று முதலில் விசாரியுங்கள். பழைய டிஜிட்டல் அமைப்புகளில் டிசிபி ஓடாது. சர்வரில் ஏற்ற நேரமாகும் என்பதால் முந்தைய இரவே ஆப்பரேட்டரிடம் டிசிபி உள்ள ஹார்ட் டிரைவைக் கொடுத்துவிடலாம். முழுப் படமும் ஓட்டத் தேவையில்லை: மிக இருட்டு, மிக வெளிச்சம், மிகச் சத்தம், மிக மெல்லிய பேச்சு, பிறகு ஒலி விலகியிருக்கிறதா என்று பார்க்கக் கடைசி இரண்டு நிமிடம். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் எந்த எண்ணில் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தரப்படி 7, பல தியேட்டர்களில் 5 பக்கம்தான் இருக்கும்.

டிரைவ் இரண்டு வேண்டும். டிரைவை இஎக்ஸ்டி2 அல்லது இஎக்ஸ்டி3 வடிவத்தில் ஃபார்மட் செய்வது நம்பகமானது, எக்ஸ்ஃபேட் வடிவத்தைப் பல சர்வர்கள் கண்டுகொள்ளாது. ஒன்று கூரியரில், ஒன்று கையோடு. விழாவில் முந்தைய படம் முடிவதற்குள் புரொஜெக்டர் அறைக்குப் போய் ‘பிளாட்’ என்று வாயால் சொல்லுங்கள். ஸ்கோப் என்ற இன்னும் அகலமான வடிவத்தில் விட்டால் சப்டைட்டிலின் கீழ்வரி திரைக்கு வெளியே போய்விடும்.

கேள்வி நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் சட்டத்தைத்தான் கேட்பார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-ல் இங்குள்ள தோல் தொழிற்சாலை வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த மனுவில்தான், வலியுறுத்தியது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.

விழாவுக்குக் கிடைத்த விலக்கு அந்த விழாவோடு சரி. ஊரில் பொதுத் திரையிடல் என்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஆங்கில எழுத்து இல்லாத, உருது, தெலுங்குப் பகுதிகளுக்கு மட்டும் தமிழ் எழுத்து உள்ள பிரதி ஒன்றை முதல் டிசிபி செய்யும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடிட் கோப்பைத் திறந்தால் பாதி கிளிப் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.