லெபனான் சாப்பாடு பார்சலில் வந்தால்: எட்டுப் பேருக்கு ஒரு ராத்திரி விருந்து

லெபனான் சாப்பாட்டின் பாதி ருசி அது மேசைக்கு வரும் வரிசையில் இருக்கிறது. மெஸ்ஸே எனும் சிறு தட்டுப் பதார்த்த வரிசைக்குப் பேர்போன ஸாஹ்லே நகரத்தில், பெர்தவ்னி ஆற்றங்கரைக் கடைகளில் உட்கார்ந்தால் முதலில் நறுக்காத தக்காளி, வெள்ளரி, புதினாக் கட்டு வரும். பிறகு கொண்டைக்கடலை விழுதான ஹம்மூஸ், சுட்ட கத்தரிக்காய் விழுதான முத்தபல், பார்ஸ்லிச் சாலட்டான தபூலே என்று ஆறிய பதார்த்தங்கள். அவை பாதி தீர்ந்ததும் சூடாகப் பொரித்தவை, அதன்பின் கரியடுப்பில் சுட்ட இறைச்சி, முடிவில் பழமும் இனிப்பும் காபியும். அவசரமே கிடையாது. பார்சலிலோ இத்தனையும் ஒரே பையில், ஒரே நேரத்தில், மூடி அழுத்திய டப்பாக்களில் வந்து சேர்கிறது. பொரித்தது தன் ஆவியிலேயே நமுத்துப்போகிறது, சூடான இறைச்சிப் பொட்டலத்தின் மேல் வைத்த சாலட் வதங்குகிறது. கடைக்காரர் நன்றாகச் சமைத்திருந்தாலும் மேசையில் எல்லாம் ஒரே பதத்தில் மந்தமாக இருக்கிறதென்றால் காரணம் இதுதான்.

ஆகவே என்னுடைய முதல் யோசனை: ஒரே ஆர்டராகக் கொடுக்காதீர்கள். ஆறிய பதார்த்தங்களையும் பொரித்தவற்றையும் முதல் ஆர்டராகச் சொல்லி, நண்பர்கள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட இறைச்சியும் ரொட்டியும் இரண்டாவது ஆர்டர், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து முக்கால் மணி கழித்து வரட்டும். துபாய், ஷார்ஜா, தோஹா போன்ற ஊர்களில் லெபனான் கடை பெரும்பாலும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் என்பதால் இது பெரிய சிரமம் இல்லை. டெலிவரிக்கு இன்னொரு முறை பணம் கொடுக்க நேர்ந்தாலும், ஆறிய ஷிஷ் தாவூக் எனும் சுட்ட கோழியைத் திரும்பச் சூடுபண்ணிச் சாப்பிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். இறைச்சியை அதிகமாகவும் காய்கறிப் பதார்த்தங்களைக் குறைவாகவும் சொல்லிவிடுவார்கள். எட்டுப் பேருக்கு, டப்பா ஒன்று சுமார் 250 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஹம்மூஸ் 2, முத்தபல் 2, கெட்டித் தயிரான லப்னே 1, தபூலே 2, பொரித்த ரொட்டி சேர்த்த சாலட்டான ஃபத்தூஷ் 2 போதும். திராட்சை இலையில் சோறு சுருட்டிய வரக் எனப் 16, இறைச்சியும் உடைத்த கோதுமையும் பிசைந்து பொரித்த கிப்பே 8, கீரை வைத்த முக்கோண ஃபத்தாயர் 8, கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபெல் 16. ரொட்டி நடுத்தர அளவில் ஆளுக்கு இரண்டு. பூண்டுச் சாந்தான தூம் 200 கிராம். ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள். பீட்ரூட் துண்டு போட்டு ஊறவைத்த அந்த ரோஸ் நிற டர்னிப் ஊறுகாய் இல்லாமல் கொழுப்பான இறைச்சியை நிறையச் சாப்பிட முடியாது.

மெஸ்ஸே இத்தனை இருக்கும்போது சுட்ட இறைச்சி ஆளுக்கு 150 கிராம் தாராளம். வளைகுடாக் கடைகளில் மிக்ஸ்டு கிரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். தாவூக், அரைத்த இறைச்சியைப் பிடித்துச் சுட்ட கஃப்தா, ஆட்டிறைச்சித் துண்டு மூன்றும் கலந்து வரும். இங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: அந்தக் கிலோ சுடுவதற்கு முன் எடையா, சுட்ட பின் எடையா? நெருப்பில் இறைச்சி ஏறக்குறைய கால் பங்கு எடை இழக்கும். பச்சை எடை என்றால் சுமார் 1.6 கிலோ சொல்லுங்கள், சுட்ட எடை என்றால் ஒன்றேகால் கிலோ போதும்.

எதை வாங்கக்கூடாது என்பதும் முக்கியம். உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வேண்டாம். டப்பாவுக்குள் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். உறைந்த பாக்கெட் வாங்கி வீட்டிலேயே பொரிக்கலாம். ஷவர்மாவைச் சுருளாக வாங்காதீர்கள். சாஸும் ஊறுகாய் நீரும் ரொட்டியில் இறங்கி அடிப்பாகம் பிய்ந்துவிடும். இறைச்சியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு ரொட்டி, சாஸ், ஊறுகாயைப் பக்கத்தில் வைத்தால் அவரவர் சுருட்டிக்கொள்ளலாம். கிப்பே நய்யே எனும் பச்சை இறைச்சிப் பதார்த்தம் லெபனானில் மிகவும் மதிக்கப்படுவது. ஆனால் அது அன்றைக்கு வெட்டிய இறைச்சியை உடனே அரைத்து உடனே சாப்பிட வேண்டியது. வெயில் ஊரில், வண்டியில் வரும் பார்சலுக்கு அது ஆகவே ஆகாது.

பார்சலுக்கென்றே பிறந்தது போன்ற ஒரு குடும்பம் உண்டு, 'பி ஸெய்த்' வகை. ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறிய பிறகு சாப்பிடுபவை. லெபனான் கிறிஸ்தவர்களின் தவக்கால உணவில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. தக்காளியும் பூண்டும் சேர்த்த பச்சை பீன்ஸான லூபியே பி ஸெய்த், இறைச்சி இல்லாத வரக் எனப் இரண்டும் பயணத்தில் எதையும் இழப்பதில்லை, ஒரு மணி நேரம் இருந்தால் இன்னும் ஊறி நன்றாகிறது. பருப்பும் அரிசியும் சேர்த்து, கருகக் கருக வறுத்த வெங்காயம் தூவிய முஜத்தராவையும் இவற்றோடு சேர்க்கலாம். சைவ நண்பர்கள் இருந்தால் இவற்றை இரட்டிப்பாக வாங்குங்கள். ஹம்மூஸையும் சாலட்டையும் மட்டும் அவர்கள் முன் வைத்து உட்கார வைப்பது விருந்து ஆகாது.

சைவர்களுக்காகக் கடையில் விசாரிக்க வேண்டியவை சில. வரக் எனப்பில் இறைச்சி வைத்ததும் உண்டு, வைக்காததும் உண்டு; இறைச்சி வைத்தது பொதுவாகச் சூடாக வரும். பருப்பு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தூம் முறைப்படி பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு நான்கே சேர்ந்தது, ஆனால் சில கடைகள் முட்டை வெள்ளைக்கருவோ மயோனைஸோ கலக்கும். ஃபலாஃபெல்லைப் பொரிக்கும் எண்ணெயிலேயே கிப்பேவையும் போடுகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மேசை ஆபத்தானது: ஹம்மூஸ், முத்தபல், ஃபலாஃபெல் சாஸ் மூன்றிலும் தஹினி என்கிற எள் விழுது இருக்கிறது.

ஆர்டர் சொல்லும்போது 'தனியாக' என்ற சொல்லை மறக்காதீர்கள். ஃபத்தூஷின் பொரித்த ரொட்டித் துண்டும் அதன் சாறும் தனியாக. ஃபலாஃபெல்லுக்கான தஹினி சாஸ் தனியாக. சீஸ் வைத்த இனிப்பான குனாஃபா வாங்கினால் பாகு தனியாக. தபூலேவைப் பிரித்துத் தருவது கடைக்குக் கடினம், அதை வீட்டில் சரிசெய்யலாம்.

பை வந்ததும் முதல் வேலை, பொரித்த பதார்த்தங்களின் மூடியைத் திறப்பது. உள்ளே நிற்கும் ஆவி ஒவ்வொரு நிமிடமும் மொறுமொறுப்பைத் தின்றுகொண்டிருக்கும். ஓவனை 190 டிகிரிக்கு முன்பே சூடாக்கி வைத்திருங்கள். ஃபலாஃபெல், கிப்பே, ஃபத்தாயர் மூன்றையும் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி 6 முதல் 8 நிமிடம் வைத்தால் மேல்தோல் மீண்டும் முறுகும். ஏர் ஃபிரையர் இருந்தால் 4 நிமிடமே போதும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே தள்ளி ஃபத்தாயரின் மாவை ரப்பராக்கிவிடும். ஆனால் இந்தச் சூடுபடுத்தலை எல்லோரும் உட்கார்ந்து குளிர்ந்த மெஸ்ஸேவைத் தொட்ட பிறகு ஆரம்பியுங்கள். ஓவனிலிருந்து வந்ததும் நேராக மேசைக்குப் போக வேண்டும்.

ஹம்மூஸை டப்பாவோடு மேசையில் வைக்காதீர்கள், இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். 2010 மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ ஹம்மூஸை ஒரே தட்டில் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த எண் தற்செயல் இல்லை: நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெருமையோடு பார்க்கப்படும் பதார்த்தத்துக்கு ஒரு நல்ல தட்டு கொடுக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்திருந்தால் அரை மணி முன்பே வெளியே எடுங்கள், குளிரில் தஹினியின் மணம் அடங்கிப்போகும். கட்டியாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீரும் சில துளி எலுமிச்சையும் விட்டுக் கிளறினால் இளகி வெளுக்கும். தட்டையான தட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வட்டமாக ஓட்டி விளிம்பை உயர்த்துங்கள். நடுப்பள்ளத்தில் இரண்டு மேசைக்கரண்டி நல்ல ஆலிவ் எண்ணெய், நான்கு முழுக் கொண்டைக்கடலை. எட்டுப் பேருக்கு ஒரே பெரிய தட்டு வைத்தால் ஓரத்தில் இருப்பவருக்கு எட்டாது. ஒவ்வொரு பதார்த்தத்தையும் இரண்டு சிறு தட்டாகப் பிரித்து மேசையின் இரு பக்கமும் வையுங்கள்.

தபூலே அடியில் நீர் விட்டிருக்கும். உப்பும் எலுமிச்சையும் பட்ட பார்ஸ்லியும் தக்காளியும் நீர் விடாமல் இருக்காது. டப்பாவைச் சாய்த்து அந்த நீரை ஒரு கிண்ணத்தில் வடித்து, அதில் இரண்டு தேக்கரண்டி நைஸ் புல்குர் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் திரும்பக் கலந்தால், புளிப்பு வீணாகாமல் நீர் மட்டும் மறையும். நைஸ் புல்குர் என்பது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை என்பதால் ஊறினாலே போதும். நம் வீட்டுச் சம்பா ரவையைப் பச்சையாகப் போட்டால் நறநறக்கும். இரண்டு தேக்கரண்டிக்கு மேலும் போகாதீர்கள், தபூலே பார்ஸ்லிச் சாலட், கோதுமை அதில் விருந்தாளி மட்டுமே. ஃபத்தூஷைக் கடைசி நிமிடத்தில் கலக்குங்கள்: முதலில் காய்க்குச் சாறு, பிறகு ரொட்டித் துண்டு, மேலே சுமாக். கருஞ்சிவப்பான இந்தப் புளிப்புப் பொடியைக் கடை கொஞ்சமாகத்தான் போடும். ஒரு சிறு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டால் எலுமிச்சையால் தர முடியாத ஒரு பழப் புளிப்பு கிடைக்கும்.

இரண்டாவது ஆர்டர் வந்ததும் ஃபாயிலின் ஒரு மூலையைத் திறந்துவிடுங்கள். முழுக்க மூடி வைத்தால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும், முதலில் வறள்வது கோழி நெஞ்சுக்கறியால் ஆன ஷிஷ் தாவூக். இறைச்சிக்கு அடியில் ஒரு ரொட்டி, மேலே வெங்காயமும் பார்ஸ்லியும் சுமாக்கும் பிசிறிய பிவாஸ், அதை மூட இன்னொரு ரொட்டி என்று கடைக்காரர் அடுக்கித் தந்திருப்பார். அந்த அடி ரொட்டியை யாரும் தூக்கிப்போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஃப்தாவின் கொழுப்பும் புகையும் ஊறிய அதுதான் இந்த விருந்தின் மிகச் சிறந்த துண்டு, முதலில் பிய்ப்பவருக்கே அது. ஒரே ஆர்டராக வாங்க வேண்டியதாகிவிட்டால், இறைச்சியை அந்த ரொட்டிகளுக்கு நடுவிலேயே வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஃபாயிலால் மூடி ஓவனில் 90 டிகிரியில் முக்கால் மணிக்கு மேல் போகாமல் வைத்திருக்கலாம். முற்றிலும் ஆறிப்போயிருந்தால் 160 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்.

அரபு ரொட்டியான குப்பூஸ் பாக்கெட்டைச் சாப்பிடும் நேரம் வரை பிரிக்காதீர்கள். மெல்லிய ரொட்டி காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே அட்டையாகிவிடும். நான்கு நான்காக எடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள். விறைத்துப்போனால் ஈரக்கையால் தடவி, கேஸ் தீயில் பக்கத்துக்கு ஐந்து விநாடி காட்டினால் இளகும்.

குடிக்க மோர் போன்ற உப்புத் தயிர் அய்ரானும், புதினா அரைத்த எலுமிச்சைச் சாறும் போதும். இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குனாஃபாவை மூடி 170 டிகிரியில் 10 நிமிடம் சூடுபண்ணி, பாகைப் பரிமாறும்போது ஊற்றுங்கள். ஆறினால் உள்ளிருக்கும் சீஸ் இறுகிவிடும். ஏலக்காய் போட்ட சர்க்கரையில்லாத காபி அதற்கு நல்ல துணை.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தூமை முக்கியமாக: எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு அறைச் சூட்டில் கிடந்தால் போட்டுலிஸம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இடம் கொடுக்கும், ருசியிலோ மணத்திலோ அது தெரியாது. அதை ஃப்ரீஸரிலும் வைக்காதீர்கள், எண்ணெய் பிரிந்துவிடக்கூடும். ஹம்மூஸ், முத்தபல் மூன்று நாள் இருக்கும், தபூலேவை மறுநாள் மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காய்ந்த ரொட்டியைக் கிழித்து எண்ணெய் பிசிறி, 180 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்தால் அடுத்த ஃபத்தூஷுக்கு ஆகும். கொட்டைகள் வைத்த அடுக்கு இனிப்பான பக்லாவா வாங்கியிருந்தால் அது மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் போகக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.