தண்ணிக்குள்ள போறத விட்டுடலாமா

11 வருஷமா ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறதுதான் என் வேலை. லாக்புக் கணக்குப்படி 3000 டைவுக்கு மேல ஆச்சு. இத விட்டுடலாமாங்கற கேள்வி போன எட்டு மாசமா தூங்கும்போதும் கூடவே இருந்துச்சு.

பிரச்சினை காதுலதான். ஆழமா போறதுதான் உடம்புக்கு கஷ்டம்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா காதப் பொறுத்தவரைக்கும் மேல் தண்ணிதான் பாடாய்ப்படுத்தும். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது, மேல 1 இருந்தா 10 மீட்டர்ல 2, அதாவது முதல் 10 மீட்டர்லயே அழுத்தம் டபுள் ஆகி காதுக்குள்ள இருக்கற காத்து பாதியா சுருங்கப் பாக்கும், அதே 30 மீட்டர்ல இருந்து 40க்கு எறங்கினா 4 அஞ்சாகும், அவ்ளோதான். புதுசா வர்றவங்களோட நாங்க நாள் முழுக்க கெடக்கறது அந்த முதல் 10 மீட்டர்லதான். ஒருத்தர் மாஸ்க்ல தண்ணி வந்துடுச்சுன்னு பயந்து மேல போவார், கூடவே போகணும், பேசி சமாதானப்படுத்தி திரும்ப எறக்கணும், அதுக்குள்ள இன்னொருத்தர் காத காட்டி கைய ஆட்டுவார், அவரோட ரெண்டு மீட்டர் ஏறணும். ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் மூக்க புடிச்சு ஊதி ஈக்வலைஸ் பண்ணணும், அதாவது காதுக்குள்ள அழுத்தத்த வெளி அழுத்தத்தோட சமமாக்கணும். இத வருஷக்கணக்கா செஞ்ச காது அது.

எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள், எனக்கு லேசா ஜலதோஷம். க்ளாஸ கேன்சல் பண்ணியிருக்கணும். மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு எறங்கிட்டேன், எறங்கும்போது காது சுத்தமா இருந்துச்சு. திரும்பி வரும்போது சுமார் 6 மீட்டர்ல மாத்திரையோட வேலை முடிஞ்சுபோச்சு போல, இடது காதுக்குள்ள மாட்டின காத்து வெளிய வர வழியில்லாம விரிய ஆரம்பிச்சுது. இதுக்கு வைத்தியம் தெரிஞ்சதுதான், கொஞ்சம் கீழ எறங்கணும், அப்புறம் மெதுவா ஏறணும். சரியா அந்த நேரம் பாத்து என் கூட இருந்த ஸ்டூடன்ட் பிசிடில, அதாவது காத்து ஏத்தி எறக்கி மிதக்கறத கட்டுப்படுத்தற ஜாக்கெட்ல, காத்த விடற பட்டனுக்கு பதிலா காத்த ஏத்தற பட்டன அமுக்கிட்டார். மேல போக ஆரம்பிச்சுட்டார். மூச்ச அடக்கிட்டு போனா நுரையீரல் கிழிஞ்சுடும், அவரோ கண்ண அகல விரிச்சுட்டு ஒரு பபுள் கூட விடாம போறார். என் காதுக்கு நான் கீழ போகணும், அவருக்கு நான் மேல போகணும்.

மேலதான் போனேன். அவரோட பிசிடி பட்டைய புடிச்சு காத்த வெளிய விட்டேன், நெஞ்சுல தட்டி மூச்சு விட வெச்சேன். அப்போ காதுக்குள்ள ஏதோ படார்னு, அடுத்த நொடி உலகமே சுத்துச்சு. ரெண்டு காதுலயும் அழுத்தம் சமமா இல்லன்னா இப்படி தலைசுத்தல் வரும்னு நானே எத்தனையோ க்ளாஸ்ல சொல்லியிருக்கேன், ஆனா அது வரும்போது எது மேல எது கீழன்னே தெரியல. பபுள் போற பக்கம்தான் மேல பக்கம்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சில நொடிதான். அந்த சில நொடி நான் அவர புடிச்சிருக்கல, அவர்தான் எனக்கு புடிமானமா இருந்தார். படகுல ஏறினதும் "சார், நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன்"னு கைய புடிச்சுட்டு அழுதார். நான் உண்மைய சொல்லல. அவர்கிட்டயும் சொல்லல, கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லல. இத்தன வருஷ வேலைல நான் வெக்கப்படற விஷயம் இது ஒண்ணுதான்.

டைவிங் சேர வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் மெடிக்கல் ஃபார்ம நீட்டி, காது, சைனஸ், இதயம், சாப்பிடற மருந்து, எதையும் மறைக்காதீங்கன்னு கண்ணப் பாத்து சொல்றவன் நான்.

காது டாக்டர் செவிப்பறைல தழும்பு இருக்குன்னார், கீச்சுன்னு வர்ற மெல்லிய சத்தமெல்லாம் இடது காதுல சரியா கேக்கறதில்ல, ராத்திரி அமைதியானா ஒரு ரீங்காரம். முழுசா நிறுத்தணும்னு அவர் சொல்லல. ஜலதோஷம் இல்லாத நாள், கயித்த புடிச்சு மெதுவா எறங்குங்க, வலிச்சா உடனே திரும்பிடுங்கன்னார். எனக்காக மட்டும் டைவ் பண்றதா இருந்தா இது போதும். ஆனா கீழ முழுகற ஸ்டூடன்ட் என் காது திறக்கட்டும்னு காத்திருக்க மாட்டார். அங்கதான் என் மனசு முடிவுக்கு வந்துச்சு. இத்தன மாசம் என் காது தாங்குமா தாங்குமான்னே யோசிச்சுட்டு இருந்திருக்கேன், என்ன நம்பி எறங்கறவங்களுக்கு நான் போதுமாங்கறதுதான் கேக்கவேண்டிய கேள்வி. பூல் க்ளாஸ் மட்டும் எடுன்னு நண்பர்கள் சொன்னாங்க, அன்பா சொன்னதுதான், ஆனா மூணு மீட்டர் பூல்ல நாப்பது தடவ ஏறி எறங்கறதுதான் இந்த காதுக்கு பெரிய அடி.

விடறது சுலபமா இல்ல. ஒரு விஷயத்த எப்படி சொல்றதுன்னு தெரியல, மூணாவது நாலாவது டைவ்ல ஒரு கட்டம் வரும், அதுவரைக்கும் கையையும் காலையும் போட்டு அடிச்சுட்டு இருந்த ஆள் திடீர்னு அடங்கிடுவார், மூச்ச இழுத்தா ஒரு ஜாண் மேல, விட்டா ஒரு ஜாண் கீழ, வேற எந்த அசைவும் இல்ல. அது வந்துடுச்சுன்னு அவருக்கே தெரியாது, எதிர்ல நிக்கற எனக்குத்தான் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வேலைல இருந்தேன்.

போன மாசம் ஓனர்கிட்ட நடந்தது எல்லாத்தையும் சொல்லிட்டேன், அந்த ஜலதோஷ மாத்திரை உட்பட. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் தியரி க்ளாஸும் படகுல மேற்பார்வையும் பாத்துக்கோன்னார். ஸ்டூடன்ட்ஸ வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சேன். சிலிண்டர்ல இருந்து மூச்சுக்கு காத்து தர்ற ரெகுலேட்டர வருஷா வருஷம் சர்வீஸுக்கு அனுப்புவேன், இந்த வருஷம் அனுப்பல.

இப்போ படகுல நின்னு பபுள் பாக்கறேன். மேல இருந்து பாத்தாலே எது யாரோடதுன்னு சொல்லிடலாம், பழகினவர் பபுள் நிதானமா விட்டு விட்டு வரும், புது ஆளோடது விடாம கொதிக்கற மாதிரி வரும். நேத்து ஒரு பபுள் இருபது நிமிஷமா கொதிச்சுட்டே இருந்துச்சு, அப்புறம் இடைவெளி விட ஆரம்பிச்சுது, அப்புறம் இன்னும் கொஞ்சம் இடைவெளி. கீழ அந்த ஆள் அடங்கிட்டார்னு எனக்கு புரிஞ்சுபோச்சு.