கடைமடைக்கும் கீழே

காவிரி டெல்டாவில் கடைமடை என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து, கிளையும் கிளையின் கிளையுமாகப் பாய்ந்த தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் வயல்கள் அவை. தண்ணீர் வந்து சேராவிட்டால் அங்குள்ள விவசாயிகள் மறியல் செய்வார்கள். மறுநாள் நாளிதழில் செய்தி வரும். அந்த வயல்களுக்கும் கீழே, பாமணியாறும் கோரையாறும் வேறு சில வடிகால் ஆறுகளும் கடலை அடையும் முத்துப்பேட்டையில், ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடும் சதுப்பும் லகூன் எனப்படும் கடலோரக் காயலும் பரந்து கிடக்கின்றன. தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்ய அந்தக் காட்டுக்கு ஆள் கிடையாது. அதை மீட்கும் பணியில் களப்பணியாளனாகப் பல ஆண்டுகள் இருந்த எனக்கு, அது மரம் நடும் வேலையாக இருந்ததைவிட வாய்க்கால் வேலையாக இருந்ததே அதிகம்.

இந்தக் காடு அழிந்த கதையில் சுற்றுவட்டார மக்களின் விறகுக் கட்டும் ஆடுமாடுகளும் குற்றவாளிகளாக நெடுங்காலம் பேசப்பட்டன. உண்மையில் பெரிய சேதத்தைச் செய்தது திட்டமிட்டு நடத்தப்பட்ட வனத்தொழில். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்பது கணக்கு. மேட்டுநிலக் காடுகளில் ஓரளவு பலிக்கக்கூடிய அந்தக் கணக்கு சேற்றில் பலிக்கவில்லை. நிழல் போனதும் களிமண்ணில் இருந்த ஈரம் வெயிலில் வற்றியது. ஈரம் வற்றிய மண் அமுங்கியது. சுற்றிலும் மரம் நின்ற ஓரங்கள் உயரமாகவும் வெட்டப்பட்ட நடுப்பகுதி பள்ளமாகவும் ஆகி, நிலமே ஒரு தாம்பாளம் போல மாறிவிட்டது. பெரிய ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும் நேரத்தில், உள்ளே ஏறும் உப்புநீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பை மட்டும் விட்டுப்போகும். அடுத்த ஓதம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கும்.

மே மாதத்தில் அப்படிப்பட்ட பள்ளத்தில் நடந்து பார்த்தால் எந்த அறிக்கையும் தேவைப்படாது. மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு. கால் வைத்தால் பொருக்கு உடைந்து, கீழே இருக்கும் கருஞ்சேறு கணுக்கால்வரை ஏறும். நண்டு வளை ஒன்றுகூட இருக்காது. ஓரத்தில் மட்டும் உப்பில் வளரும் உமரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும். நடுவே அதுவும் இராது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இந்தப் பள்ளங்களில் தேங்கும் நீர் கோடையில் அதைப் பலமடங்கு தாண்டிவிடுகிறது. இலை வழியாகவே உப்பை வெளியேற்றத் தெரிந்த வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்துக்கும் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் நாற்று நடுவது, பணம் கொடுத்தவருக்குப் புகைப்படம் அனுப்புவதற்கு மட்டுமே உதவும்.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் பின்னர் முத்துப்பேட்டையிலும் வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து இந்தக் காரணத்தை ஆராய்ந்து, மீன்முள் வடிவ வாய்க்கால் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்டி, சரிவின் நடுவில் விதைப்பார்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போக வேண்டும், வற்றும்போது முழுவதும் வெளியேற வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். முத்துப்பேட்டை மீனவர்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. லகூனிலிருந்து சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு உள்ளே வரும் மீனைப் பிடிப்பது அவர்களுக்குப் பழைய தொழில். அந்த வாய்க்கால்களின் கரைகளில் யாரும் நடாமலே கண்டல் வளர்ந்து நிற்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தத்துவம் எளிது, மட்டம் பார்ப்பதுதான் கடினம். நம்முடைய இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, பொதுவாக ஒரு மீட்டருக்கும் கீழே. வங்காளத்துச் சுந்தரவனத்தில் அரையடி பிசகினாலும் அங்குள்ள பெரிய ஓதம் அதைச் சரிசெய்துவிடும். இங்கே நாலு விரற்கடை பிசகினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது, அல்லது ஏறிய தண்ணீர் இறங்காது. சேற்றில் மட்டக்கருவியின் முக்காலி மெல்ல மெல்ல அமிழும் என்பதால், பலகையை அடியில் போட்டு, ஒவ்வொரு அளவையும் திரும்பவும் எடுப்போம். கூட வந்தவர்கள் கருவியைப் பெரிதாக நம்பவில்லை. ஓதம் வற்றும்போது எங்கே சேறு பளபளக்கிறது, எங்கே மங்குகிறது என்று பார்த்தே அவர்கள் பள்ளத்தைக் காட்டினார்கள். கருவியின் அளவும் அவர்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களில் ஒரு முழு ஓதத்தை இருந்து பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவோம்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பது இன்னொரு சிக்கல். கரையோரமாகத் தொடர்ச்சியாகக் குவித்துவிட்டால் அதுவே அணையாகி, வாய்க்காலுக்கும் பக்கத்து நிலத்துக்கும் நீர்த்தொடர்பு அற்றுப்போகும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பத்தடி தள்ளி நிலம் காய்ந்து கிடக்கும். ஆகவே இடைவெளி விட்டு விட்டுக் கொட்ட வேண்டும். கூலி கன அளவுக்கு என்று பேசியிருக்கும் இடத்தில், மண்ணை நாலு அடி கூடுதலாகத் தூக்கிப் போடச் சொல்வதன் சங்கடம் அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

விதைப்பு, ஒப்பிட்டால், மகிழ்ச்சியான வேலை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வெண்கண்டல் விதைகள் உதிரும். அவரை விதையைவிடப் பெரிய, தட்டையான அந்தக் காயை நீரில் சில நாள் ஊறவிட்டால் மேல்தோல் கழன்று, மடித்து வைத்த இரண்டு தடித்த பச்சை விதையிலைகள் தெரியும். வேர்முனை கீழே இருக்கும்படி சேற்றில் மெல்ல அழுத்தினால் போதும். மழைநீரும் ஆற்றுநீரும் உப்பைக் குறைத்திருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அதற்கு வாழ்க்கை. மேலே எத்தனை அணைகளில் தண்ணீர் நின்றுவிட்டது என்பதை, அந்த வாரங்களில் முளைகளின் நிறத்திலேயே ஓரளவு படித்துவிடலாம்.

டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத ஒன்று, வாய்க்கால் என்றால் தூர்ந்துபோகும் என்பது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரவில்லை என்று குரல் எழாத ஆண்டு இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் குடிமராமத்து என்று ஊரே இறங்கிச் செய்த ஏற்பாடும் இருந்தது. ஆனால் அலையாத்திக் காட்டு வாய்க்காலை மட்டும் ஒருமுறை வெட்டினால் முடிந்தது என்று திட்டங்கள் கருதின. ஓதமும் வெள்ளமும் கொண்டுவரும் வண்டல் சில ஆண்டுகளில் வாயை அடைத்துவிடும். “முகத்துவாரம் மூடிக்கிட்டா உள்ள எத்தனை வாய்க்கா வெட்டுனாலும் அது குளந்தான் தம்பி” என்று வலை பின்னிக்கொண்டே ஒரு பெரியவர் சொன்னதை, பிறகு நான் பார்த்த ஒவ்வொரு தூர்ந்த வாய்க்காலும் உறுதிப்படுத்தியது. அடைபட்ட இரண்டாம் கோடையில் சரிவில் நின்ற இளங்கன்றுகள் இலை சுருங்கும்; மீண்டும் பொருக்குப் படியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்த வட்டாரத் தென்னையை முறித்ததை நாடே பார்த்தது. கடலோரக் காட்டில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இலையே இல்லாமல், தீயில் வாட்டியதுபோல், மரங்கள் நின்றன. சாய்ந்தவை ஓடைகளை மறித்துக் கிடந்தன. வெண்கண்டல் வெட்டுப்பட்டாலும் முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கக்கூடியது. இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னைக்கு அந்த வலு குறைவு. துளிர்ப்பதும் துளிர்க்காததும் எந்த இடத்தில் நீரோட்டம் இருந்தது என்பதைப் பெரிதும் பொறுத்திருந்ததாகவே எனக்குப் பட்டது. புயலுக்குப் பின் வந்த நல்லெண்ணமெல்லாம் நாற்றாக வந்தது. ஓடையில் விழுந்த மரத்தை அகற்ற ஆள்கூலி கேட்டபோது, ஒரு நிதி அமைப்பிலிருந்து வந்தவர் அது சுத்தம் செய்யும் செலவுத் தலைப்பில் வராதா என்று கேட்டார்.

மேலே நன்னீர்ப் படுகைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. ஆற்றோரத்தில் மருதும் புன்னையும் நாணலும் நின்ற இடத்தில் சீமைக்கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்துவிட்டன. அவற்றை வேரோடு எடுத்த இடத்தில் மருதங்கன்று வைக்கலாம், வைத்தும் இருக்கிறோம். ஆனால் வடிகாலில் காட்டாமணக்கு ஒரு துண்டு தங்கினாலும் அடுத்த வெள்ளத்தில் அது கீழே வந்து முளைக்கும். எனவே அங்கும் ஆண்டுதோறும் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.

வாய்க்காலின் வாய் திறந்தே இருக்கும் சில இடங்களும் உண்டு. அங்கெல்லாம் அந்த வாய்க்காலில் மீனும் இறாலும் பிடிப்பது யார் என்பது ஊரில் தெளிவாக இருக்கிறது; பிடிப்பவர்களே மழைக்கு முன்னால் மண்ணை வாரிவிடுகிறார்கள். இதைக் கண்ட பிறகு, நாங்கள் எழுதும் திட்ட மதிப்பீடுகளில் நாற்றுச் செலவைக் குறைத்து, முகத்துவாரம் தூர்வாரும் கூலியை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, அதைச் செய்யும் ஊர்க்குழுவுக்கு மீன்பிடிப்பில் முன்னுரிமை என்றும் சேர்த்து எழுதுகிறோம். மதிப்பீடு மேசை மேசையாகப் போய்த் திரும்பி வரும்போது, முதலில் அடிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த வரிதான். மறுபடியும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறோம்.